அடைகாத்த சங்கு

“அக்கா இடுப்புலேர்ந்து எடுத்தீங்களே, அந்தச் சங்கு. அதை எங்கிட்ட குடுங்க.”

சின்னவள் கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் பேசு, அதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா காலையிலிருந்து தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது சித்தப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதையே தன் பாணியில் சொன்னார். “கூப்பிட்டு வேலை குடுக்கறாங்க. தலையை ஆட்டிட்டு வா. பழசைக் கிளறாதே.” அக்கா செத்து இன்னும் ஒரு மாதம் முடியவில்லை. அதற்குள் அது பழசாகிவிட்டது.

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தத் தயாராகத்தான் வந்திருந்தாள். அவரோ கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மாட்டிக்கொண்டார், அவளை நிதானமாகப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த சித்தப்பாதான் தொண்டையைச் செருமினார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“சின்னப் பொண்ணு சார். துக்கத்துல ஏதோ பேசறா.”

“நீங்க சும்மா இருங்க மேஸ்திரி. படிச்ச பொண்ணு. கேக்கட்டும்.”

படிச்ச பொண்ணு. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். உயிரியல் படித்தாள். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்தது சித்தப்பா. அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்தி, கையைப் பிடித்து இந்தச் சங்குக் கொட்டகைக்குக் கூட்டிவந்ததும் அதே சித்தப்பாதான். ஒருத்தியைப் படிக்க வைக்க இன்னொருத்தி உழைக்க வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை, அக்கா உட்பட.

முதலாளியின் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள் விளக்கு போட்டுச் சங்குகளை அடுக்கியிருந்தார்கள். கூம்பு கூம்பாக, புள்ளி வைத்தவை, கோடு போட்டவை, புலித்தோல் மாதிரி இருந்தவை. பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தி வயிற்றில் கிடந்து வந்தது என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

இந்தத் தொழிலில் உயிரோடு பிடித்த சங்குக்குத்தான் மதிப்பு. செத்துக் கரை ஒதுங்கியதை மணல் தேய்த்திருக்கும், வெயில் வெளுத்திருக்கும். கண்ணாடிக்குள் வைத்து அழகு பார்க்கிறவர்கள் அதைத் தொட மாட்டார்கள். அதனால் முக்குளிப்பவர்கள் உயிரோடு கொண்டுவருவார்கள். உள்ளே இருக்கும் பூச்சியை எடுக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் பளபளப்பு போய்விடும், மெல்லிசான ஓட்டில் மயிரிழை விரிசல் விழும். எனவே ஐஸ் பெட்டி. ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தால் பூச்சி விறைத்துச் செத்துவிடும். பிறகு அது மெதுவாக இளக வேண்டும். அவசரப்பட்டால் சதை பாதியில் அறுந்துபோய், மிச்சம் உள்ளுக்குள்ளேயே அழுகி நாறும். எல்லாவற்றுக்கும் சரியான சூடு மனுஷ உடம்புச் சூடுதான் என்று எந்த மகானோ கண்டுபிடித்திருக்கிறார். பெண்கள் சட்டைக்கு அடியில் வயிற்றை ஒட்டி ஒரு துணிப் பையைக் கட்டிக்கொள்வார்கள். ஐஸிலிருந்து எடுத்த சங்கை அதில் வைத்துக்கொண்டு மற்ற வேலையைப் பார்ப்பார்கள். இளகியதும் வளைந்த ஊசியால் ஒரே இழுப்பு. பூச்சி சுருள் கலையாமல் முழுசாக வெளியே வந்துவிடும்.

இதற்கு அவர்கள் வைத்த பேர் அடை. “என்னடி, இன்னிக்கு எத்தனை முட்டை?” என்பார்கள். “முட்டை கெடக்கட்டும், குஞ்சு எப்போ பொரியும்னு கேளு” என்று கல்யாணமாகாதவளைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளைவிட நன்றாக அடைகாக்கவும் ஆள் இல்லை. எப்போதும் காய்ச்சல் கண்டது மாதிரி அனலடிக்கிற உடம்பு. கொட்டகையில் அவள் பேரே கோழி. அவளும் அதற்குச் சிரித்தாள். வீட்டில் தங்கை பக்கத்தில் படுத்தால் மட்டும், “ஐஸை வெச்சு வெச்சு தொப்புளைச் சுத்தி மரத்தே போச்சுடி. கிள்ளிப் பாரு, ஒண்ணும் தெரியாது” என்பாள்.

முதலாளி எழுந்து அலமாரியைத் திறந்தார். நடுத்தட்டில் பஞ்சுமேல் படுத்திருந்த ஒன்றை இரண்டு விரலால் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

“இதுதான். எடுத்துக்கோ.”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பார், விற்றாயிற்று என்பார், உன்னை யார் உள்ளே விட்டது என்பார். இதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். எடுத்துக்கொள் என்றால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

உள்ளங்கை நீளத்துக்கு இருந்தது. அவ்வளவு பெரிசுக்கு எடையே இல்லை, முட்டைத்தோடு மாதிரி. ரோஜா பாய்ந்த வெள்ளையில் பழுப்பு வலை பின்னியிருந்தது. கொட்டகையில் இதை வலைக்காரி என்பார்கள், அந்தப் பின்னலைப் பார்த்து. கல்லூரியில் இதற்கு இரண்டு வார்த்தையில் நீளமாகப் பேர் உண்டு. பின்னல் மட்டுமல்ல, அதன் பிழைப்பும் வலைதான் என்பது அங்கேதான் தெரிந்தது. மீன் தூங்குகிற இடத்துக்கு மெதுவாக ஊர்ந்து போகும். தண்ணீரில் ஏதோ ஒன்றைக் கசியவிடும். அதில் மீனின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, ஓடத் தோன்றாமல் கிறங்கி நிற்கும். அப்புறம் வாயைப் பையாக விரித்து அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டு, கடைசியாக முள்ளைக் குத்தும். ஈட்டி மாதிரி, விஷம் ஏறிய ஒரு பல். மனுஷரைக் குத்தினால்கூடப் பல சமயம் குத்து வாங்கியவருக்கே தெரியாது.

சங்கைத் திருப்பினாள். வாய்விளிம்பின் உட்புறம் கடுகளவு நீலம். அக்காவின் நகப்பூச்சு. யார் அடைகாத்தது எது என்று மாறிப்போகாமலிருக்க ஆளுக்கொரு நிறத்தில் பொட்டு வைப்பார்கள். வெளியே இருந்ததைச் சுரண்டித் துடைத்தவருக்கு உள்ளே வழிந்தது கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

“இதுக்குள்ள இருந்த பூச்சி?”

“சாக்கடைக்குப் போயிருக்கும். வேற எங்க வைப்பாங்க?” முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். “இதைக் கொண்டுபோய் நீ யார்கிட்ட காட்டினாலும், அழகா இருக்கேம்பாங்க. வெறும் ஓடும்மா அது. ஓடு யாரையும் கொல்லாது. டாக்டர் நெஞ்சு நின்னு போச்சுன்னு சொல்லிட்டார். அவர்கிட்ட, ‘நெஞ்சு வலிக்குதுன்னு அவ சொன்னா சார்’னு சொன்னது யாரு? உங்க சித்தப்பா. அன்னிக்கு ஐஸ் பெட்டிச் சாவி யார் இடுப்புல இருந்துச்சு? நான் சொல்ல வேண்டாம். நீ யார் கழுத்துல கை வைக்கறேன்னு யோசிச்சுக்கோ. திங்கக்கிழமையிலேர்ந்து ஆபீஸுக்கு வந்துடு. அந்த ஜன்னலோர மேஜை உனக்குத்தான்.”

அவர் சொன்ன ஒன்று உண்மை என்பது அவளுக்கு உறைத்தது. ஓட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக அதை அங்கே விட்டுவிட்டு வர மனசில்லை. கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டாள். வேலைக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிற ஆட்கள், எடுத்துக்கொள்ளட்டும்.

வெளி வராந்தாவில் சித்தப்பா அவள் முழங்கையைப் பிடித்தார்.

“என் மானத்தை வாங்கணும்னே வந்தியா?”

“அக்கா உயிரே போச்சு சித்தப்பா. உங்க மானம் கொஞ்சம் பொறுத்துக்கும்.”

“வாய் மட்டும் வளந்திருக்கு. அவ ஏன் செத்தா தெரியுமா உனக்கு? தலைகீழா சொருகிட்டா. கொண்டை உள்ள, மூக்கு வெளியன்னு எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருப்பேன். பராக்குப் பாத்துக்கிட்டு மாத்தி வெச்சிருக்கா. அவ தப்புக்கு நான் என்ன செய்யட்டும்?”

கொண்டை என்றால் சங்கின் தடித்த முனை. மூக்கு என்பது கூரான முனை. பூச்சியின் வாய் அந்தப் பக்கம்தான். தடித்த முனையைப் பிடித்தால் அதன் முள் கைக்கு எட்டாது என்பது கொட்டகையின் வேதம். ஐஸில் அரைகுறையாகச் செத்திருந்தாலும் பயமில்லை, மூக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் வரை. அந்த வேதத்தை எல்லோருக்கும் ஓதியவர் சித்தப்பா.

அது பொய், பூச்சி முள் வைத்த தன் குழலை ஓட்டின் நீளத்துக்கு வளைத்து நீட்டும் என்று சின்னவள் படித்ததுமே அக்காவிடம் சொன்னாள். அக்கா சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பா சிரித்தார். “உன் தங்கச்சி படத்துல பாத்திருப்பா. நான் கையில பிடிச்சிருக்கேன்” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

“நெஜமாவே மாத்தி வெச்சிருந்தாளா? நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சின்னவள் முழங்கையை விடுவித்துக்கொண்டு கொட்டகைக்குள் நடந்தாள்.

தகரக் கூரை, ஈரத் தரை, நாள்பட்ட கடல் நாற்றம். நீள மேஜையின் இரண்டு பக்கமும் பெண்கள். எல்லோருடைய வயிறும் சட்டைக்குள் லேசாகப் புடைத்திருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் ஊரே ஒட்டுமொத்தமாகப் பிள்ளைத்தாய்ச்சி என்று நினைப்பார்கள். அக்கா உட்கார்ந்த இடத்தில் இப்போது அம்மா. பாலிஷ் பகுதியிலிருந்த அவளை அடைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். உட்கார ஒரு ஆள் குறைகிறது, வீட்டில் இன்னொரு வயிறு இருக்கிறது, அவ்வளவுதான்.

“காலேஜு வந்துடுச்சுடி” என்றாள் சோடாபுட்டி. தடித்த கண்ணாடி போட்டு, மேஜையில் அக்காவுக்கு அடுத்த இடத்தில் உட்காருகிறவள். அன்றைக்கு நடந்ததைச் சின்னவளிடம் முழுசாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான், அதுவும் பொதுக்குழாயடியில், யாரும் பார்க்காதபோது. அவசரச் சரக்கு என்று முதலாளி குதித்திருக்கிறார். ஐஸ் பெட்டியில் இடமில்லாமல் திணித்து வைத்ததைச் சித்தப்பா ராத்திரி முழுக்க விடாமல் பாதியிலேயே எடுத்துத் தட்டில் கொட்டியிருக்கிறார். அவசரச் சரக்கு இன்னும் முடியாததால் இப்போதும் அப்படித்தான் எடுக்கிறார்களாம். இருப்பதிலேயே பெரிசைக் கோழிக்கு என்று கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அக்கா, “நாக்கு தடிச்ச மாதிரி இருக்கு” என்றாளாம். கண் இமை தானாக இறங்கியதாம். வலிக்கிறதா என்றால் இல்லை என்று தலையாட்டினாளாம். அசதி, படுக்கட்டும் என்று சாக்குமேல் கிடத்தினார்கள். சோடா வாங்கிவரப் போனார்கள். வயிற்றிலிருந்து சங்கை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்தார்கள்.

அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் வாயோடு வாய் வைத்து யாராவது மூச்சு ஊதிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால், விஷம் இறங்குகிற வரை தாக்குப்பிடித்திருக்கலாம். இதுவும் சின்னவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும், அதை அம்மாவிடம் அவள் ஒருநாளும் சொல்லப் போவதில்லை. உடம்புதான் அசையாது. காது கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். தன்னைச் சுற்றி நின்று அசதி அசதி என்று சொன்னதையெல்லாம் அக்கா கேட்டபடியே கிடந்திருக்கலாம்.

“கேட்டுட்டியா?” என்றாள் அம்மா.

“கேட்டேன். குடுத்துட்டார்.”

அம்மாவின் கை நின்றது. “அப்புறம் என்ன? வீட்டுக்குப் போ.”

சின்னவள் பையைத் திறந்து அகல வாய் ஜாடி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிளாஸ்டிக் ஜாடி, திருகு மூடி, பாதிக்குமேல் கடல் தண்ணீர். காலையில் யாரும் எழுவதற்குமுன் கரைக்குப் போய் மொண்டு வந்தது.

“பையில இருக்கறதை எடும்மா.”

“போடி பைத்தியம். பாதி இளகிடுச்சு இது.”

“அதனாலதான் சொல்றேன். மெதுவா எடு.”

சத்தம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையைத் தூக்கினாள். சின்னவள் நீள இடுக்கியால் பைக்குள்ளிருந்து சங்கைக் கவ்வி எடுத்தாள். வலைக்காரிதான், அக்காவுடையதைவிடச் சின்னது. கொண்டை உள்ளே, மூக்கு வெளியே. அம்மா வேதம் தவறாதவள். சங்கு ஜாடிக்குள் முங்கியது.

ஒன்றும் நடக்கவில்லை. கல் மாதிரி அடியில் கிடந்தது.

“காலேஜு மந்திரம் போடுது. முட்டையிலேர்ந்து புறா வரும் பாருங்க” என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். சித்தப்பா வேகமாக வந்தார். “வேலை நேரத்துல என்ன கூத்து இது? எடு அதை.” அவர் ஜாடிப் பக்கம் கையை நீட்டியபோது சோடாபுட்டி, “இருங்க மேஸ்திரி” என்றாள். அவரை அப்படி யாரும் நிறுத்தியதில்லை.

கூர்முனையிலிருந்து ஒரு சின்னக் குழாய் எட்டிப் பார்த்தது. தண்ணீரை மோந்து பார்ப்பதுபோல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. பிறகு ஓட்டின் நீளமான பிளவு வழியாகச் சதை பிதுங்கி வந்து ஜாடியின் அடியைப் பற்றிக்கொண்டது. சிரிப்பு நின்றது. மேஜையின் மறுகோடியில் ஒருத்தி அவசரமாகத் தன் சட்டைக்குள் கையை விட்டாள்.

சின்னவள் தண்ணீருக்குள் இடுக்கியை விட்டுச் சங்கின் கொண்டையைப் பிடித்தாள். சித்தப்பா எப்படிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாரோ, அப்படியே, தடித்த முனையில். பூச்சி கொஞ்சம் பொறுத்தது. பிறகு கூர்முனையிலிருந்து இளஞ்சிவப்பாக, புழு மாதிரி, இன்னொரு குழல் புறப்பட்டது. அதற்கு அவசரமே இல்லை. ஓட்டின்மேல் தடவிக்கொண்டே பின்பக்கம் வளைந்தது, நீண்டது, மெலிந்து இன்னும் நீண்டது. நடு ஓட்டைத் தாண்டியது. கொண்டைக்கு வந்து, இடுக்கியின் நுனியை இங்கும் அங்கும் தொட்டுப் பார்த்தது.

“எட்டாதுன்னாரே” என்றாள் ஒருத்தி, யாரிடமும் என்றில்லாமல்.

சித்தப்பா பக்கத்திலிருந்த சாக்குமேல் உட்கார்ந்தார். அதே சாக்கா வேறா என்று சின்னவளுக்குத் தெரியாது. அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷம் கொண்டையைப் பிடித்த கை. பிழைத்துக் கிடப்பது கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, வெறும் அதிர்ஷ்டத்தால் என்பது இப்போதுதான் அந்தக் கைக்குத் தெரிகிறது.

“அவ சரியாத்தான் வெச்சிருந்தா” என்றார். யாருக்கும் கேட்கவில்லையோ என்று நினைத்தவர் மாதிரி இன்னொரு தடவை சொன்னார். “நான்தான் எடுத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. கொண்டை உள்ளதான் இருந்துச்சு.”

அம்மா அவரைப் பார்த்தாள். அழவில்லை. இத்தனை நாளாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம், என் பொண்ணு பராக்குப் பாத்துட்டா, அவ கவனக்குறைவு என்று தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

முதலாளி அறையிலிருந்து மணி அடித்தது. வேலை ஓசை நின்றுபோனால் அடிக்கிற மணி. சிலர் சங்கை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்கள். சிலர் எழுந்தவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். ஒருத்தி எடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள். இந்த முறை கொண்டையை வெளியே வைத்து. சின்னவளுக்கு அவளை அறையலாம் போலிருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது.

ஜாடியை இறுக்கி மூடினாள். மூடியில் காற்று போக ஏற்கெனவே துளை போட்டு வைத்திருந்தாள், முள் நுழைய முடியாத அளவு பொடித் துளை.

“எங்க கொண்டுபோறே?” என்றாள் அம்மா.

“நெஞ்சு நின்னு போச்சுன்னு சொன்ன டாக்டர்கிட்ட. எங்க காலேஜ் மேடத்தை அங்க வரச் சொல்லியிருக்கேன். அப்புறம் ஸ்டேஷன்.”

“உங்க சித்தப்பா பேரு...”

“வரும்.”

“உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போன மனுஷன்டி.”

“தெரியும்மா.”

“விட்டுடேன்.” அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. “முதலாளி பேரை மட்டும் சொல்லு. இவரை விட்டுடு. போனவ திரும்பியா வரப் போறா?”

சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது.

சின்னவளுக்கு அவர் தோளின் உயரம் நினைவிருந்தது. அங்கிருந்து பார்த்தால் தெருவே சின்னதாகத் தெரியும். ஆனால் அதைக் காலையிலேயே நினைத்து முடித்துவிட்டாள், கரையில் குனிந்து தண்ணீர் மொள்ளும்போது. தண்ணீர் நிறைகிற வரை நினைத்தாள். பிறகு மூடியைத் திருகினாள். அப்புறம் வந்ததெல்லாம் பஸ்ஸும் முதலாளி அறையும் பேச்சும்தான்.

“நீ வர்றியாம்மா?”

அம்மா வயிற்றில் கட்டிய காலிப் பையை அவிழ்த்தாள். அதை மடித்து மேஜைமேல் வைத்தாள். ஆனால் எழவில்லை. சாக்குமேல் உட்கார்ந்திருந்தவரையும் மகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

மணி மறுபடி அடித்தது. சின்னவள் பைக்குள் ஜாடியை நிமிர்த்தி வைத்து, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். பை உடம்பில் இடிக்காதபடி கையை விலக்கி நீட்டிக்கொண்டு, ஈரத் தரையைக் கடந்து, தகரக் கதவைக் காலால் தள்ளி, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி நடந்தாள்.